நான்கு மூச்சு

"அறுபதைத் தாண்டிய பிறகு பொம்மை ரயில் செய்யப் புகுந்துவிட்டீர்களாமே?" என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த வேளை. அவர் குரலில் கேலி இருந்ததென்று சொல்ல மாட்டோம். இரக்கம் இருந்தது. கேலியென்றால் சிரித்து விட்டிருப்போம்; இரக்கத்துக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நாம் செய்திருப்பது முழு எஞ்சின் அன்று. மூன்றரை அங்குல இடைவெளித் தண்டவாளத்தில் ஓடக்கூடிய சிறிய நீராவி எஞ்சினின் சட்டம், சக்கரங்கள், இரண்டு சிலிண்டர்கள், அவற்றுக்குரிய வால்வு கியர் ஆகியவை மட்டுமே முடிந்துள்ளன. கொதிகலன் இன்னும் வரவில்லை. சட்டமும் சக்கரங்களும் மூன்று மாதத்தில் முடிந்தன. வால்வு கியர் ஒன்றுக்கே பதினான்கு மாதம் பிடித்தது.

வால்வு கியர் என்பது யாது? ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் பின்னே வந்து திரும்பும் கணத்தில் அவள் ஒரு தள்ளுத் தள்ளுகிறாள். முந்தித் தள்ளினால் ஊஞ்சலை எதிர்ப்பதாகும். பிந்தித் தள்ளினால் கை வீணாகும். ஊஞ்சலோடு கூடவே ஓடித் தள்ளவும் வேண்டுவதில்லை. நீராவி எஞ்சினில் அந்தக் கை, நீராவி. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் முன்புறத்திலும் பின்புறத்திலும் அது மாறி மாறித் தள்ள வேண்டும். ஒரு பக்கம் புதிய நீராவி நுழையும்போது, மறுபக்கம் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். பிஸ்டன் தன் தொலைவு முழுவதும் போகுமுன்பே நீராவியை அடைத்துவிட்டால், உள்ளே அடைபட்ட நீராவி தானே விரிந்து மிச்ச வேலையைச் செய்யும். கரியும் நீரும் மிஞ்சும். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, முன்னே போவதா, பின்னே போவதா என்னும் இத்தனையையும் ஓட்டுநரின் கையிலுள்ள ஒரே நெம்புகோலுக்கு அடக்கி வைக்கும் கம்பிகளின் கூட்டமே வால்வு கியர்.

இந்த அறிவு நமக்கு நூலிலிருந்து வந்தது. வீட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். வராமற் போனதற்கு நாமே காரணம்.

நம் வாப்பா, மர்ஹூம், விழுப்புரத்து மீட்டர் கேஜ் எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டராக இருந்தார்கள். 1960-களில் விழுப்புரம் வரை மின்சாரப் பாதை வந்துவிட்ட பின்னும், அதற்குத் தெற்கே போகும் பல வண்டிகளுக்கு அங்கேதான் நீராவி எஞ்சின் மாட்டுவார்கள். பயணிகள் வண்டிக்கு ஒய்.பி., சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. என்ற வகைகள். இரவில் முற்றத்துக் கட்டிலில் படுத்திருக்கையில், நிலையத்திலிருந்து ஒரு வண்டி புறப்படும் ஓசை கேட்கும். வாப்பா கண்ணைத் திறக்காமலே, "இடப்பக்கம் நொண்டுது" என்பார்கள். பிறகு உறங்கிவிடுவார்கள். நமக்கோ எல்லா எஞ்சினும் ஒன்றுபோலவே கத்தும்.

1978-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வால்வு செட்டிங் இருக்கு, வந்து பார்க்கிறாயா?" என்று வாப்பா நம்மைக் கேட்டார்கள். நாம் கல்லூரி மாணவர். அலுவலக வேலைக்கான போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். "அந்தக் கரி வேலை எனக்கு எதற்கு வாப்பா?" என்றோம். அவர்கள் மறுமொழி கூறவில்லை. அதன் பிறகு ஒருபோதும் கேட்கவுமில்லை. தேர்வில் வென்றோம், சென்னைக்கு வந்தோம், மின்விசிறிக்குக் கீழே நாற்பதாண்டுகள் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றோம். வாப்பா 1994-இல் காலமானார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, டிசம்பர் 1995-இல், நம் நாட்டின் அகலப் பாதைகளில் நீராவி எஞ்சின் ஓட்டம் நின்றது. மீட்டர் கேஜில் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஊட்டி மலைப்பாதை போன்ற சில இடங்களில்தான் இன்றும் அந்த மூச்சைக் கேட்கலாம்.

லஸ் முனை நடைபாதைப் புத்தகக் கடையில் வெகுநாள் முன்பு வாங்கி, படிக்காமலே வைத்திருந்த பழைய தொகுப்பு ஒன்று நம்மிடம் இருந்தது. 1898-இல் லண்டனில் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழின் கட்டு அது. ஓய்வு பெற்ற பின் அதைப் பிரித்தோம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் என்பார் அதில் நமக்கு ஆசிரியரானார். இத்தனை சிறிய எஞ்சின் உண்மையான கரியில் எரிந்து ஆளை இழுக்குமா என்று 1920-களில் இங்கிலாந்தில் பெரிய வழக்கு நடந்தது. அவர் தம் இரண்டரை அங்குலப் பாதை எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டி வாயடைத்தார். அந்த எஞ்சினுக்கு அவர் இட்டிருந்த பெயர் ஆயிஷா! நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் சூடும் பெயரை லண்டன் எஞ்சின் ஒன்று சூடியிருக்கக் கண்டு புன்னகைத்தோம். செய்து பார்ப்பதென்று முடிவு கட்டியதும் அன்றுதான்.

புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் கன்மெட்டல் துண்டுகளைப் பொறுக்கினோம். கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் மணிக் கணக்கில் வாடகை கொடுத்து லேத் ஓட்டினோம். மிச்சமெல்லாம் மொட்டை மாடி அறையில், ஒரு வைஸ், நான்கு அரம், ஒரு மேசை விளக்கு. சிலிண்டரின் உள்விட்டம் 18 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தொலைவு 28 மி.மீ.; வால்வின் முழு அசைவு 7 மி.மீ. மட்டுமே. பிஸ்டன் முனைக்கு வந்து நிற்கும் கணத்தில் நீராவி வழி 0.2 மி.மீ. திறந்திருக்க வேண்டும். ஒரு தபால் அட்டையின் தடிமன் அவ்வளவுதான்.

உலோகத்தில் கை வைக்குமுன், வீட்டில் குவிந்திருந்த நிக்காஹ் அழைப்பிதழ்களின் தடித்த அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி, கியர் முழுவதையும் பலகைமேல் அசைத்துப் பார்த்தோம். இது நம் கண்டுபிடிப்பன்று. 1206-இல், இன்று துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரில், அல் ஜஸரீ தம் எந்திரங்களைப் பற்றிய பெருநூலை முடித்தார். இரண்டு சிலிண்டர்களும் பிஸ்டன்களும் கொண்டு நீர் இறைக்கும் பொறி ஒன்று அதில் உண்டு. அமைப்பைக் காகித மாதிரியில் செய்து பார்ப்பதும், வால்வின் அடைப்பானையும் அதன் இருக்கையையும் எமெரித் தூள் இட்டுத் தேய்த்து நீர் கசியாமற் பொருத்துவதும் அவருடைய பட்டறை வழக்கங்கள் என்பதை, அந்நூலை 1974-இல் ஆங்கிலத்தில் தந்த டொனால்டு ஹில் எடுத்துக்காட்டுகிறார். தட்டைக் கண்ணாடிமேல் எமெரித் தூளும் எண்ணெயும் இட்டு, வால்வின் முகத்தை எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்த்துக்கொண்டிருந்த இரவுகளில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே வேலையைச் செய்த ஒருவர் பக்கத்தில் இருப்பதுபோல் ஆறுதலாக இருந்தது.

வால்வு கியரின் வரலாற்றைப் படிக்கையில் வேறொன்றும் கண்ணில் பட்டது. 1842-இல் நியூகாசிலில் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கம்பெனியில் பிறந்த கியருக்கு 'ஸ்டீஃபன்சன் லிங்க்' என்று பெயர். யோசனையைத் தொடங்கியவர் வில்லியம்ஸ் என்ற இளம் வரைவாளர். அதை ஓடும் பொருளாக்கியவர் வில்லியம் ஹோ என்ற, வார்ப்பு மாதிரிகள் செய்யும் தச்சர். இரண்டாண்டு கழித்து, பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் ரயில் பணிமனையின் ஃபோர்மேன் எகீட் வால்ஷார்ட்ஸ் மற்றொரு கியரைக் கண்டார். அரசு ரயில்வேயின் ஊழியர் தம் கண்டுபிடிப்பின் உரிமையைத் தாமே அனுபவிக்க விதி இடந்தரவில்லை. ஆகவே ஃபிஷர் என்ற பொறியாளர் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. நம் ஒய்.பி.யும் ஒய்.ஜி.யும் ஓடியது இந்த வால்ஷார்ட்ஸ் கியரில்தான். கையில் எண்ணெய் பட்டவரின் பெயர் ஏட்டில் ஏற எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்.

வால்ஷார்ட்ஸ் கியரில் வால்வுக்கு இரண்டு இடங்களிலிருந்து கட்டளை வருகிறது. சக்கரத்து ஆணியின்மேல் பொருத்திய ரிட்டர்ன் கிராங்க் என்னும் சிறு கை, வளைந்த பள்ளமுடைய லிங்க்கை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பள்ளத்துக்குள் ஒரு கட்டை மேலும் கீழும் நகரும். அது ஒரு பாதியில் இருந்தால் எஞ்சின் முன்னே ஓடும், மறு பாதியில் இருந்தால் பின்னே ஓடும். நடுவை நெருங்க நெருங்க நீராவி விரைவில் அடைபடும். இரண்டாவது கட்டளை பிஸ்டனிடமிருந்தே வருகிறது. காம்பினேஷன் லீவர் என்னும் செங்குத்துக் கை, பிஸ்டனின் 28 மி.மீ. ஓட்டத்தை 3.4 மி.மீ. ஆகச் சுருக்கி வால்வுக்குக் கொடுக்கிறது. இரண்டும் கூடுவதே வால்வின் நடை.

இங்கேதான் முதல் பிழை நேர்ந்தது. லிங்க்கிலிருந்து வரும் கம்பி காம்பினேஷன் லீவரில் வால்வுக் கம்பிக்கு மேலே சேர வேண்டுமா, கீழே சேர வேண்டுமா? விழுப்புரத்து ஒய்.பி. எஞ்சினில் மேலே இருந்ததாக நம் நினைவு. நினைவு தவறன்று. ஆனால் ஒய்.பி.யில் இருந்தது பிஸ்டன் வால்வு. நீராவி அதன் உட்புறத்திலிருந்து நுழையும். நாம் செய்தது தட்டை வால்வு. நீராவி வெளிப்புறத்திலிருந்து நுழையும். அதற்குக் கம்பி கீழே சேர வேண்டும். வரைபடம் கீழே என்று காட்டியது. நாமோ பிறந்த ஊர்ப் பெருமையை நம்பி மேலே மாட்டினோம். பஞ்சர் கடைக்காரரின் காற்றுக் குழாயைச் செருகித் திறந்தோம். சக்கரம் விக்கலெடுத்தாற்போல் இரண்டு முறை துள்ளி நின்றுவிட்டது. காரணம் காண மூன்று வாரமாயிற்று.

அதைத் திருத்தியதும் எஞ்சின் ஓடிற்று. தெருப் பிள்ளைகள் கூடிக் கைதட்டினார்கள். பஞ்சர் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். ஆயினும் ஓசையில் ஏதோ ஒன்று நமக்கு உறுத்தியது. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரு புறம். ஆகச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு மூச்சு. நான்கும் சம இடைவெளியில் வர வேண்டும். நம் எஞ்சின் அப்படி மூச்சுவிடவில்லை. காரணமும் உள்ளூரத் தெரிந்தே இருந்தது. இடப்பக்கத்து ரிட்டர்ன் கிராங்க்கைப் பொருத்திய மாலையில் பட்டறை மூடும் நேரம் ஆகிவிட்டது. அளந்து பாராமல் கண்ணளவில் வைத்து, துளையிட்டு, ஆணி இறக்கிவிட்டோம். ஓடுகிறதே, போதாதா என்று நம்மையே சமாதானப்படுத்திக்கொண்டோம். பார்ப்பவர் எவருக்கும் தெரியப் போவதில்லை.

தெரியக்கூடியவர் ஒருவர் மட்டும் சென்னையில் இருந்தார். வாப்பாவிடம் கலாசியாக வேலை பழகி, பின்னர் ஃபிட்டராகி ஓய்வு பெற்ற பெரியவர். மேற்கு மாம்பலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்து நான்கு. அவரிடம் காட்டாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மாதம் ஒத்திப்போட்டோம். பிறகு ஒரு நாள் எஞ்சினை மரப்பெட்டியில் வைத்து, கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறு மின் பம்பையும் எடுத்துக்கொண்டு, தியாகராய நகர் நெரிசலைக் கடந்து போய்ச் சேர்ந்தோம்.

பெரியவருக்குக் காது மந்தமாகிவிட்டது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவர் குனிந்து கேட்க முயலவில்லை. நீராவி வெளியேறும் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரம் சென்று, "வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் நொண்டுது தம்பி" என்றார்.

அதே சொல்! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேளாதிருந்த அச்சொல்லைக் கேட்டு நாம் பேச்சற்றுப் போனோம்.

"டிராமல் வச்சுப் பார்த்தீங்களா?" என்றார்.

"அது என்ன ஐயா?"

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "பாய் மகனுக்கு டிராமல் தெரியாதா? இரண்டடிக் கம்பி. ரெண்டு முனையும் ஒரே பக்கமா மடங்கி ஊசியா இருக்கும். உங்க வாப்பா தன் கையாலே செஞ்சு வச்சிருந்தாரே. வேற எவனையும் தொட விடமாட்டாரே."

அப்போது நமக்கு விளங்கியது. அந்தக் கம்பி நம் வீட்டில்தான் இருக்கிறது. விழுப்புரம் வீட்டைக் காலி செய்தபோது மற்றச் சாமான்களோடு வந்தது. இன்னதென்று தெரியாமல், ஒரு மூங்கில் கழியின் நுனியில் அதைக் கட்டி, கொல்லையில் முருங்கைக்காய் பறிக்க வைத்திருக்கிறோம். முப்பதாண்டுகளாக!

இதை அவரிடம் சொல்லவே நா எழவில்லை. சொன்னோம். அவர் சிரித்தார். "காய் நல்லா வருதா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு, நம் எஞ்சினின் அளவுக்கேற்ப ஒரு சைக்கிள் ஸ்போக்கை மடக்கிச் சிறிய டிராமல் செய்யச் சொன்னார். பிஸ்டன் முனைக்கு வந்துவிட்டதைக் கண்ணால் காண இயலாது. அவ்விடத்தில் சக்கரம் நன்றாகத் திரும்பும். பிஸ்டன் அசைவதே தெரியாது. ஆகவே பிஸ்டன் முனையை அடையச் சற்று முன்பே நிறுத்தி, அதன் தலை நிற்கும் இடத்தில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். டிராமலின் ஒரு முனையைச் சட்டத்திலுள்ள குழியில் ஊன்றி, மறு முனையால் சக்கரத்தில் ஒரு கீறல். பின்னர் சக்கரத்தை மேலும் சுற்ற, பிஸ்டன் முனைக்குப் போய்த் திரும்பி அதே கோட்டுக்கு வரும். அங்கே இரண்டாவது கீறல். இரண்டு கீறலுக்கும் நடுப்புள்ளி எதுவோ அதுவே மெய்யான முனை.

"பெரிய எஞ்சினை நாங்க கலாசிங்க கடப்பாரை போட்டு நெம்புவோம். பாய் குழிக்குள்ளே நின்னு, இன்னும் ஒரு நூல், இன்னும் அரை நூல்னு சொல்லிக்கிட்டே இருப்பார். தாண்டிட்டோம்னு வைங்க, அரை நூல் பின்னாலே தள்ளுடான்னு சொல்ல மாட்டார். ரொம்ப தூரம் பின்னாலே கொண்டுபோய், மறுபடி அதே பக்கத்திலிருந்து வரச் சொல்வார். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்களுக்கு ஆத்திரமா வரும்."

ஏன் அப்படி என்றால், தேய்ந்த ஆணிகளில் சிறு தளர்வு இருக்கும். கொஞ்சம் பின்னே தள்ளினால் சக்கரம் நகரும், கம்பிகள் நகரா, அளவு பொய்யாகும். நெடுந்தூரம் பின்சென்று, முதலில் வந்த திசையிலேயே மீண்டும் வந்தால்தான் எல்லாத் தளர்வும் ஒரே பக்கம் ஒதுங்கி அளவு மெய்யாகும்.

முனையைக் கண்டபின் செய்யும் சோதனை எளிது. பிஸ்டன் முனையில் நிற்கும்போது, ஓட்டுநரின் நெம்புகோலை முன்கோடி முதல் பின்கோடி வரை நகர்த்த வேண்டும். லிங்க்குக்குள் கட்டை மேலும் கீழும் போய்வரும்; வால்வோ அசையவே கூடாது. வால்ஷார்ட்ஸ் கியரின் இலக்கணம் இது. வலப்பக்கத்தில் வால்வு அசையவில்லை. இடப்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் ஊர்ந்தது. அந்த மாலை நாம் கண்ணளவில் வைத்த ஆணி, இத்தனை கம்பிகளைக் கடந்து வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

"திருகிச் சரிக்கட்டலாமா ஐயா?" என்று கேட்டோம். "அதுக்குப் புதுசா செய்யறதுதான் சுலபம்" என்றார் பெரியவர். புதிய ரிட்டர்ன் கிராங்க் செய்ய நான்கு நாள் சென்றது. இம்முறை ஆணி இறக்குமுன் டிராமல் வைத்து ஆறு முறை பார்த்தோம்.

மீண்டும் மாம்பலம் சென்றோம். பெரியவர் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தார். நாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நமக்கும் கேட்டது. வாழ்நாளில் முதன்முறையாக, நொண்டும் எஞ்சினுக்கும் நொண்டாத எஞ்சினுக்கும் உள்ள வேற்றுமையை நம் காது அறிந்தது.

"பாய் எதுக்கு அவ்வளவு பார்ப்பார் தெரியுமா? நொண்டி எஞ்சின் கரியைத் தின்னும். அள்ளிப் போடற ஃபயர்மேன் இடுப்பு ஒடிஞ்சுபோகும். அவன் யாரோ, எவனோ. திருச்சிக்குப் போய்ச் சேர்றவன், இங்கே யார் வால்வு செட் பண்ணினாங்கன்னு நினைக்கவா போறான்? பாய் நினைச்சார்" என்றார் பெரியவர்.

அன்பருக்கு நாம் சொல்ல விரும்பிய மறுமொழி இதுதான். நாம் பொம்மை செய்யவில்லை. 1978-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்க வேண்டிய இடத்துக்கு, நெடுந்தூரம் பின்சென்று, மறுபடி வந்துகொண்டிருக்கிறோம். அன்று போயிருந்தால் வாப்பாவின் வாயாலேயே கேட்டிருக்கலாம். அந்த இழப்பை எந்த அரத்தாலும் தேய்த்துச் சரிக்கட்ட இயலாது. ஆனால் அவர்கள் இரவெல்லாம் என்ன செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்பதை இன்று அறிவோம். பிள்ளைக்கு அவ்வளவேனும் தெரிந்திருக்க வேண்டாமா?

மூங்கில் கழியிலிருந்து டிராமலை அவிழ்த்துவிட்டோம். முனைகள் துருப்பிடித்திருந்தன, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தோம். நம் சிறு எஞ்சினுக்கு அது பயன்படாது, மேசைமேல் இருக்கிறது. முருங்கைக்காய்க்கு வேறு கொக்கி வாங்கியாயிற்று. இனிக் கொதிகலன் வேலை. செப்புத் தகட்டை வளைத்து, வெள்ளிப் பற்று வைத்து, ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு நீரழுத்தம் கொடுத்துச் சோதித்த பின்பே நெருப்பு மூட்ட வேண்டும். இன்னும் ஓராண்டேனும் ஆகும். "கரி போட்டு ஓட்டும்போது சொல்லுங்க, வர்றேன்" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அவர் உள்ளங்கையில் உண்மையான நீராவி படும் நாளும் வரும்.